கரடி விட்டுச் சென்ற முள்கரண்டி

வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் ஒப்பந்தம். மடியில் தட்டு, தட்டில் வெந்நீரில் ஊறவைத்த மலைப்பூண்டு, கையில் மழுங்கிய கத்தி. வாய்க்குத்தான் வேலையில்லை, அது பாட்டுக்கு எங்காவது போய்விட்டுக் காபி நேரத்துக்குத் திரும்பி வரட்டும் என்று அருளப்பன் நினைத்துக்கொண்டான். காலையில் கோயிலுக்குப் போய்வந்து, ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, உறையூரே கண்ணசந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் மனைவி ஜெசிந்தா டிவிக்கு முன்னால் பாயில் சம்மணமிட்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, பனி விழும் மலைப்பாதை ஒன்றில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆர்ன்வேல், மூன்றாம் பாகம். டிராகன்களும் மந்திரவாதிகளும் அரியணைக்காக அடித்துக்கொள்ளும் இளவரசர்களும் வாழ்கிற கற்பனை நாடு. அதில் நாமும் ஓர் ஆளாக வேடம் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலையலாம். அலையலாம் என்பது பழைய பேச்சு. இப்போது குதிரையின் காதுகளுக்கு மேலே, அந்தரத்தில், ஒரு தங்க அம்பு மிதக்கிறது. கல்யாண மண்டபத்தில் 'உணவுக்கூடம்' என்று மாட்டியிருக்குமே, அதைப் போல. அதன் பின்னால் போனால் இலை போட்டிருக்கும். முதல் பாகத்தில் அம்பாவது ஒன்றாவது. கொல்லன் வீட்டுக்கு வழி வேண்டுமானால் சந்தையில் நிற்கும் கிழவியைக் கேட்க வேண்டும்; கிழவி முதலில் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வழியைச் சொல்வாள்; அதிலும் பாதி தப்பாயிருக்கும். வாளுக்குத் தனிப் பயிற்சி, குறுவாளுக்குத் தனிப் பயிற்சி, குதிப்பதற்குக்கூடத் தனிப் பயிற்சி. வலது காலணி வேறு, இடது காலணி வேறு. அவன் நண்பன் பெலிக்ஸ் அவசரத்தில் இடதை விற்றுத் தொலைத்துவிட்டு, பாதி நாட்டை ஒற்றைச் செருப்போடு நடந்தே கடந்தான், பனியில் கால் மரத்துப் போகும் தண்டனையோடு. இப்போது 'காலணி' என்று ஒரே ஒரு பெட்டி. போட்டால் இரண்டு காலிலும் ஏறிக்கொள்கிறது. உடல், மனம், அதிர்ஷ்டம் என்று மூன்றே குணங்கள். ஒரு மனிதனை மூன்று கட்டத்தில் அடைத்துவிட முடியுமா, ரேஷன் கார்டில்கூட அதைவிட அதிகமாகக் கேட்பார்களே என்று எண்ணும்போது பூண்டின் தோல் நகக்கண்ணில் ஏறிச் சுரீரென்றது. ஸ்ஸ் என்றான். ஜெசிந்தா திரும்பாமலே, "என்ன?" என்றாள். "பூண்டு," என்றான். "பூண்டுன்னா சரி," என்றாள்.

சந்தேகப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இரண்டாம் பாகம் வந்தபோது அவள் இப்படித்தான், தானாகவே வந்து, "நான் கொஞ்சம் விளையாடட்டுமா?" என்று உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான். நிற்க மட்டும் செய்திருந்தால் போதும். அந்தச் செடியைப் பறி, அது இல்லை, அதுக்குப் பக்கத்தில் உள்ளது, அது காய்ச்சலுக்கு, இது விஷத்துக்கு. அவனோடு பேசாதே, அவன் திருடன். ஐயோ, அந்தக் கதவைத் திறந்துட்டியா, சரி போகட்டும், எல்லாரும் முதல்ல அந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க. அவன் குரலில் அன்புதான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வான். அச்சுப்படிகளில் பிழை திருத்திச் சோறு சாப்பிடுகிறவனின் அன்பு அப்படித்தான் இருக்கும், விரலில் சிவப்பு மையோடு. அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கோபமே இல்லாமல் கன்ட்ரோலரை அவன் கையில் வைத்து, "இந்தாங்க, நீங்களே வாழுங்க," என்று சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள். வாழுங்க. விளையாடுங்க என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வினைச்சொல்லை அவன் பல வருடமாகத் திருத்திப் பார்த்துவிட்டான். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவள் அந்த டிவியில் செய்தியும் சமையலும் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. போன ஆடியில் அவளுக்குத் தாலுகா மாற்றல் வந்தது. நில அளவை ஆய்வாளர் வேலை. வெயிலில் காடுமேடெல்லாம் அலைந்து, பங்காளிகள் பிடுங்கிப் போட்ட எல்லைக்கல் எங்கே இருந்தது என்று தேடிச் சொல்ல வேண்டும். பஸ் மாறி வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சே மிச்சமிருக்காது. தட்டைப் போட்டால் சாப்பிடுவாள், விளக்கை அணைத்தால் தூங்குவாள். அவன் பயந்துபோனான். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்லயே," என்றாள், அந்த 'ஒண்ணுமில்ல'தான் பயமே. அப்படி இருந்தவள்தான் ஒரு மாதத்துக்கு முன், அவனுக்கென்று வாங்கி அவன் வீம்பாகத் தொடாமல் வைத்திருந்த மூன்றாம் பாகத்தை, தூசி தட்டும்போது எடுத்துப் பார்த்து, "இதுல குதிரை இருக்கா?" என்றாள். இருக்கு என்றான். "நான் ஓட்டுறேன். ஆனா ஒண்ணு, நான் கேட்டாத்தான் நீங்க பேசணும். நீங்களா வாயைத் திறந்தீங்க, அந்த நிமிஷமே மூடி வச்சிருவேன்." இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசுகிறாள். குதிரையிடம் பேசுகிறாள், கொள்ளைக்காரர்களைத் திட்டுகிறாள், சில சமயம் ஒரு பழைய பாட்டைப் பாதியிலிருந்து முணுமுணுக்கிறாள். அவனிடம் இல்லாவிட்டால் என்ன, இதே அறையில்தானே. காது இருக்கிறது, பூண்டு இருக்கிறது.

பூண்டு என்பதே முதலில் சிறுசெடி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், பிறகுதான் சுருங்கிச் சுருங்கி இந்த ஒரு கட்டிக்கு வந்து சேர்ந்தது என்று மனம் சும்மா இல்லாமல் ஒரு குறிப்பை எடுத்து நீட்டியது. சரி, எல்லாமே சுருங்கத்தான் செய்கிறது. எளிமை என்ற சொல்லுக்கு அகராதியில் வறுமை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. எளியவன் என்றால் இல்லாதவன். அப்படியென்றால் எளிமையாக்கப்பட்ட விளையாட்டு என்பது வறுமையாக்கப்பட்ட விளையாட்டு. இதைப் பெலிக்ஸுக்கு அனுப்பினால் குதிப்பான். காலையில்கூட அவன் ஓசூரிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தான்: "மாப்ள, மூணாம் பாகம் வாங்கினியே, விளையாடினியா இல்லியா? அது விளையாட்டாடா? பால்வாடிடா அது. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, மூக்கத் தொடச்சு, சோத்த ஊட்டி விடுறான். நம்ம காலத்துல ஒரு பயலும் வழி சொல்ல மாட்டான். பட்டினி கெடந்து செத்தோமேடா!" பட்டினியைச் சொல்லும்போது அவன் குரலில் எவ்வளவு பெருமை. கேட்டுவிட்டு அருளப்பனும் உடனே, உண்மைதான், ஆழம் போய்விட்டது என்று தானும் உரக்கப் பேசிக் குரல் பதிவாகவே பதில் போட்டான். போட்ட பிறகுதான் நினைவு வந்தது, தான் மறுநாள் காலை போய் உட்காரப் போகிற நாற்காலி எப்படிப்பட்டது என்று. அவன் மெய்ப்பு பார்ப்பது பள்ளிக்கூடப் பாடங்களுக்கு உரைநூல் போடும் கம்பெனியில். மாணவர்கள் அதை 'கைடு' என்பார்கள். வினாவுக்குப் பக்கத்தில் விடை, விடையில் முக்கியமான வரிக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்த அம்பு சரியான வரியைக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அம்பு போட்டுக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அம்பைப் பழிக்கிறோமே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பையும் விழுங்கினான், சிரித்தால் என்ன என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அது ஆலோசனையில் போய் முடியும். பெலிக்ஸின் குரல் பதிவு எப்போதும் முடிகிற மாதிரிதான் இதுவும் முடிந்திருந்தது: "அத விடு. நம்ம கரடிய எப்படா கண்டுபுடிப்போம்? கண்டுபுடிக்காமலே செத்துருவோம்போல."

கரடி. கத்தி ஒரு பல்லின் மேல் நின்றது. பெலிக்ஸின் அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் புதிதாக வந்திறங்கிய ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்லூரி முதல் வருட விடுமுறை. பக்கத்து அறையில் பெண்கள் தட்டும் தட்டச்சுச் சத்தம்தான் ஆர்ன்வேலில் பெய்யும் மழை. மலையடிவாரத்தில் ஓர் ஆட்டிடையன் நின்றான். மடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால், திரையின் அடியில் அவன் சொல்வது இங்கிலீஷில் விழும்: 'பேர் லெஃப்ட் அட் த ஃபோர்க்.' பேர் என்றால் கரடி. லெஃப்ட் என்றால் விட்டுச் சென்றது. ஃபோர்க் என்றால் முள்கரண்டி. நடுவில் உள்ள 'அட் த'வை இருவரும் கண்டுகொள்ளவில்லை. தமிழ்வழியில் படித்த அவர்களுக்கு இங்கிலீஷின் சில்லறைச் சொற்கள்மேல் மரியாதை இருந்ததில்லை. ஆக, கரடி முள்கரண்டியை விட்டுச் சென்றது. அருளப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. வழி கேட்டவனுக்கு ஒரு புதிரைப் பதிலாகத் தருகிறான் பார், இதுதான்டா கலை என்றான். பெலிக்ஸ் ஒரு விளக்கமே எழுதி முடித்துவிட்டான்: சாபத்தால் கரடியாகிப்போன ஓர் இளவரசன், அரண்மனைப் பழக்கத்தை விட முடியாமல் தேனை முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிடுகிறான், கரண்டி கிடைத்தால் சாபம் தீரும். தேனை எப்படிடா குத்துறது என்று அருளப்பன் கேட்டதற்கு, அதான்டா சாபமே என்றான். விடுமுறை முழுக்க, இடையனுக்கு வலப்பக்கமிருந்த காட்டில் தேடினார்கள். கரடிக் குகை ஒன்று விடாமல் நுழைந்தார்கள். டைப் அடித்த தாள்களின் பின்பக்கத்தில் காட்டையே வரைந்தார்கள். முள்கரண்டி கிடைக்கவில்லை, ஆனால் உறைந்த ஏரி ஒன்றின் அடியிலிருந்து மணிச்சத்தம் கேட்டது, மூழ்கிய ஊர் ஒன்றின் கோயில் மணி. காற்றை மூட்டையில் கட்டி விற்கும் ஒரு பெண்ணிடம் பேசினார்கள். மான்கள் மட்டுமே வரும் ஒரு மயானத்தைப் பார்த்தார்கள். மடத்துக்கு, கதை அவர்களைக் கூப்பிட்ட இடத்துக்கு, கடைசிவரை போகவே இல்லை. அந்தக் காட்டைத்தான் அவன் இத்தனை வருடமும் 'ஆழம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள், கைடு கம்பெனியில், பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தின் மெய்ப்பில், மரபுத்தொடர் வரிசையில் அது எழுந்து நின்றது. 'பேர் லெஃப்ட்: இடப்பக்கம் திரும்புதல்.' இரண்டு வரி தள்ளி, 'ஃபோர்க்: பாதை இரண்டாகப் பிரியும் இடம்.' முதலில் அதை அச்சுப்பிழை என்று நினைத்து அடிக்கப் பேனாவை எடுத்தான். எடுத்த பேனாவைக் கீழே வைத்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். ஆடு மேய்க்கிறவன் பாவம், ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான்: பாதை பிரியுதா, இடப்பக்கம் போ. அவ்வளவுதான். அம்பு போட்டதுபோல. அந்தச் சந்தைக் கிழவிகூடச் சரியாகவே சொல்லியிருப்பாளோ, பாதியைத் தாங்கள்தான் தப்பாகப் படித்துவிட்டார்களோ? ஆழம் என்று பேசியதெல்லாம் அந்த விளையாட்டில் இருந்ததா, அல்லது தங்கள் இங்கிலீஷில் இருந்த பள்ளமா? பெலிக்ஸிடம் அவன் இதைச் சொல்லவில்லை. சொல்வது எப்படி? ஓசூரில் ஒரு மனிதன் கரடிக்காகக் காத்திருக்கிறான்.

"ஏங்க," என்றாள் ஜெசிந்தா. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிரை நின்றிருந்தது. "இந்த அம்பு இருக்குல்ல, இதப் பாத்தா உங்களுக்கு எரியுதாமே. காலைல ரெண்டு பேரும் போன்ல கத்துனது மாடி வரைக்கும் கேட்டுச்சு." இது கேள்வியா, கேள்வியென்றால் பதில் சொல்ல அனுமதி உண்டா என்று அவன் யோசித்தான். "சொல்லலாம், பரவால்ல," என்றாள். "எரியலை," என்றான் எச்சரிக்கையாக, "தேடுற சுகம் போயிருச்சேன்னு ஒரு இது." அவள் சிரித்தாள். "வாரம் பூரா நான் தேடுறேன். முள்ளுக்குள்ள கல்லத் தேடுறேன். ஒருத்தன் அங்கங்கிறான், அவன் பங்காளி இங்கங்கிறான். சுகமா அது? ஞாயித்துக்கெழமையாச்சும் ஒருத்தன் வந்து, 'அம்மா, கல்லு இங்கதான் இருக்கு, வாங்க'ன்னு சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும். அதத்தான் இந்த அம்பு சொல்லுது. உங்களுக்கு ஆபீஸ்ல அம்பு போடுற வேலை, அதான் வீட்ல காடு கேக்குது." அவனுக்கு மறுப்பு ஒன்று தோன்றியது, பிறகு அதற்கு அடிக்குறிப்பும் தோன்றியது, இரண்டையும் பூண்டுத் தோலோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினான். அவள் சொன்னதில் தவறில்லை. அம்புக்குப் பின்னால் போகிறவளுக்கு எவ்வளவோ பார்க்கக் கிடைக்கிறது என்பதையும் அவன் இந்த ஒரு மாதமாகக் கவனித்துத்தான் வந்தான். வழியைப் பற்றிய கவலை இல்லாததால் அவள் வானத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள், விளையாட்டில் அதற்கு ஒரு பலனும் இல்லை என்றாலும். அவனும் பெலிக்ஸும் வானத்தைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, அப்படியானால் அம்பு நல்லதா? நல்லதுதான் என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல யாரும் தன்னைக் கேட்கவில்லை என்பது எதிர்பாராத நிம்மதியாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. பூண்டு மணத்தது. குதிரை மறுபடி நடந்தது, மலை மெல்லக் கிட்டே வந்தது, வளைவு தாண்டியதும் பாதை ஓரத்தில், கம்பளியும் கோலுமாக, ஓர் ஆட்டிடையன் நின்றான்.

அவனேதான். கொஞ்சம் வயதாகியிருந்தான், தாடி நரைத்திருந்தது, ஆடுகள் மட்டும் பழையதைவிட அழகாக இருந்தன. பழைய ஆட்கள் பார்த்துப் புன்னகைக்கட்டும் என்று விளையாட்டைச் செய்தவர்கள் அவனை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அருளப்பன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். இடையனுக்குப் பின்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மடத்துக்கு, வலப்பக்கம் காட்டுக்கு. தங்க அம்பு இடப்பக்கம் திரும்பிப் பொறுமையாக மிதந்தது. ஜெசிந்தா இடையனிடம் பேசினாள். எழுத்துகள் அடியில் விழுந்தன, அவள் புல எண் படிப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தாள்: "பேர்... லெஃப்ட்... அட் த... ஃபோர்க்." நிறுத்தினாள். மறுபடி படித்தாள். "பேர்னா கரடிதான? கரடி போயிருச்சாமா? எதையோ விட்டுட்டுப் போயிருச்சாமா?" அவனைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள், அருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். நாக்கின் நுனியில் பதினோராம் வகுப்பு மரபுத்தொடர் முழுசாக, நிறுத்தற்குறியோடு வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு சொல்லில் முடிந்துவிடும். இடப்பக்கம் போ. அம்பும் அதைத்தான் சொல்கிறது. அவளே இரண்டு அடி வைத்தால் போய்விடுவாள். ஆனால் அவள் அம்பைப் பார்க்கவில்லை, இடையனைப் பார்த்தாள். "அம்பு அங்க காட்டுது. இவரு கரடிங்கிறாரு. ஆளு ஒண்ணு சொல்லி மேப்பு ஒண்ணு சொன்னா, நான் ஆளு பேச்சத்தான் கேப்பேன். மேப்பு ஆபீஸ்ல ஒக்காந்து போட்டது. இவரு இங்கயே ஆடு மேய்க்கிறாரு." சொல்லிக்கொண்டே திரையின் அமைப்புகளில் எங்கோ போய் எதையோ அழுத்தினாள். அம்பு அணைந்தது. வானம் சட்டென்று பெரிதானது. அணைக்க முடியுமா அதை? அருளப்பன் வாயைத் திறந்தான். காற்றை மட்டும் வெளியே விட்டான். அவளுக்குக் கேட்டுவிட்டது போலும். "மொத வாரமே பாத்தேன். வேணும்னா போட்டுக்கலாம், வேணாம்னா அணைச்சுக்கலாம்," என்றாள். பெலிக்ஸும் அவனும் அந்த அம்போடு மாதக்கணக்கில் போட்ட சண்டை, ஒரு பொத்தான் அளவுக்குச் சின்னதாகி, பாயின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் அவள் முழுசாகத் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து, கேட்டாள்: "ஏங்க, ஃபோர்க்குன்னா முள்கரண்டிதான?" கேட்டாகிவிட்டது. கேட்டால் பேசலாம், ஒப்பந்தம். அவனுடைய மொத்த வாழ்க்கையும், சிவப்பு மையும், சொற்பொருளும், மரபுத்தொடரும் வரிசையில் வந்து கையைத் தூக்கி நின்றன. ஒரு பிழையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்தாமல் விட்ட நாள் அவனுக்கு நினைவில் இல்லை. அவள் கண்கள் விரிந்திருந்தன. போன ஆடியிலிருந்து அந்தக் கண்கள் அப்படி விரிந்து அவன் பார்க்கவில்லை; அவற்றின் ஓரத்தில், அவளுக்கே தெரியாமல், ஒரு கரடி நடமாடத் தொடங்கியிருந்தது. காட்டில் ஏரி இருக்குமோ, இந்தப் பாகத்தில்? மணி அடிக்குமோ? செய்தவர்கள் வைத்திருக்காமலும் போயிருக்கலாம். அவனுக்குத் தெரியாது, மூன்றாம் பாகத்தில் அவன் ஓர் அடிகூட வைத்ததில்லை. தெரியாது என்பது வாய்க்குள் பழக்கமில்லாத ஒரு மிட்டாய்போல இனித்தது. பேச்சில் பொய் வரக் கூடாது என்பதில் அவன் கறாரானவன். ஆகவே நன்றாக யோசித்து, அகராதியை மனசுக்குள் புரட்டி, முதலில் போட்டிருக்கும் பொருளைப் பார்த்து, எந்த மெய்ப்புத் திருத்துநரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பதிலைச் சொன்னான்: "ஃபோர்க்குன்னா முள்கரண்டிதான்."

"நெனச்சேன்," என்றாள். குதிரையை வலப்பக்கம் திருப்பினாள். மரங்கள் நெருங்கின, பனியில் குளம்புச் சத்தம் அடங்கியது. "கரடி எதுக்குங்க முள்கரண்டி வச்சிருக்கு?" என்று கேட்டாள். "அதுதான் எனக்கும் தெரியல," என்றான். கொஞ்ச தூரத்தில், கிளைகளுக்கு நடுவே, பழுப்பாக ஏதோ ஒன்று அசைந்தது, அல்லது நிழல். ஜெசிந்தா குதிரையிலிருந்து இறங்கினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பாயில் பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, ரகசியம்போலச் சொன்னாள்: "சத்தம் போடாம வாங்க." அருளப்பன் பூண்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் போனான்.